ஸ்கேட் பூங்காவை ஊருக்கு வெளியே தள்ளாதீர்கள்

நகர மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், நம் பகுதிக் குடியிருப்போர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

நூலகத்தை ஒட்டிய பொதுத்திடலில் இளையவர்கள் ஸ்கேட்போர்டு என்ற சக்கரப் பலகையை ஓட்டிப் பழக ஒரு ஸ்கேட் பூங்கா அமைப்பது என்று தொடங்கிய பேச்சு, இப்போது வேறெங்கோ போய் நிற்கிறது. எதிர்ப்பு வந்தது, கூட்டங்கள் நடந்தன, குரல்கள் உயர்ந்தன. கடைசியில், "பூங்காவே வேண்டாம் என்று யார் சொன்னது? இடத்தை மட்டும் மாற்றிக்கொள்வோம்" என்ற சமரசத்துக்கு எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். புறவழிச் சாலைக்கு அப்பால், சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் கிடக்கும் காலி நிலத்தை இதற்கு ஒதுக்கலாம் என்கிறது வரைவுத் தீர்மானம். கேட்டவர்களுக்குக் கொடுத்ததாகவும் ஆயிற்று, எதிர்த்தவர்களுக்கு நிம்மதியும் ஆயிற்று என்று நீங்கள் எண்ணலாம். அந்தச் சமரசத்தை எதிர்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அங்கே கட்டுவதைவிடக் கட்டாமலே இருந்துவிடலாம்.

நான் திடலுக்கு எதிர்த்தெருவில் குடியிருப்பவள். என் படுக்கையறை ஜன்னல் திடலைப் பார்த்துத்தான் திறக்கிறது. என் வீட்டில் யாரும் ஸ்கேட்போர்டு ஓட்டுவதில்லை. பூங்கா வருவதால் எனக்கென்று எந்த லாபமும் இல்லை; சத்தம் வந்தால் முதலில் கேட்பது என் காதில்தான். இதைச் சொல்லிவிட்டு மேலே போவதுதான் நியாயம்.

முதலில், ஒன்றை ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குவோம். நம் ஊரில் ஸ்கேட்போர்டு ஓட்டலாமா கூடாதா என்பது இனி நாம் முடிவுசெய்கிற விஷயம் அல்ல. பிள்ளைகள் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நூலகப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் சாண் இடைவெளிக்கு ஒன்றாக இரும்புக் கொக்கிகளை அடித்து வைத்திருக்கிறீர்கள், பலகை வழுக்கிப் போகாமல் இருக்க. அடித்த வாரமே அவர்கள் வங்கிக்குப் பின்னாலிருக்கும் வாகன நிறுத்தத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். அங்கே காவலாளி விரட்டினார். மருத்துவமனைச் சரிவுப்பாதைக்கு வந்தார்கள். அங்கே சக்கர நாற்காலிகள் போகிற பாதையில் ஓட்டுகிறார்கள் என்று புகார் எழுந்தது, அந்தப் புகாரில் முழு நியாயம் உண்டு. ஆனால் ஒவ்வோர் இடத்திலிருந்தும் விரட்டுகிற நாம், போகச் சொல்லிக் கைகாட்ட ஓர் இடத்தையும் வைத்திருக்கவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரின் நட்டநடுவில் இருக்கிறது லவ் பார்க் என்று அழைக்கப்படும் சதுக்கம். அதன் கல்தளமும் படிகளும் ஸ்கேட்போர்டு ஓட்டுகிறவர்களுக்காகவே செய்தவை போல அமைந்துவிட்டதால், உலகெங்குமிருந்து இளைஞர்கள் அங்கே வந்தார்கள். 2002இல் நகர நிர்வாகம் சதுக்கத்தைப் புதுப்பித்து, தடையைக் கடுமையாக்கி அவர்களை வெளியேற்றியது. அந்தச் சதுக்கத்துக்கு மூல யோசனை தந்தவர் எட்மண்ட் பேக்கன். பல்லாண்டுகள் அந்நகரின் திட்ட வடிவமைப்பை நடத்தியவர். தடை வந்தபோது அவருக்கு வயது 92. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, இருபுறமும் ஆட்கள் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள, தடையை மீறி அந்தச் சதுக்கத்திலேயே ஸ்கேட்போர்டில் ஏறி ஓட்டினார். தான் கற்பனைசெய்த பொது இடம் தான் நினைத்தே பார்க்காத விதத்தில் உயிரோடு இருப்பதைக் கண்டு மகிழ்ந்தவர் அவர். அதே நகரம் பின்னர் 2013இல் ஆற்றங்கரையில், கலை அருங்காட்சியகத்துக்கு அருகில், பெயின்ஸ் பார்க் என்ற ஸ்கேட் பூங்காவைத் திறந்தது. துரத்திவிட்டு, பத்தாண்டுக்கு மேல் கழித்து இடம் கொடுத்தார்கள். அந்தப் பத்தாண்டை நாமும் வீணாக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி எதிர்ப்புகளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. சிலவற்றில் உண்மை இருக்கிறது, சிலவற்றில் பயம் மட்டும்தான் இருக்கிறது.

சத்தம் என்ற குறையில் உண்மை இருக்கிறது. என் தெருவில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். "பிள்ளைகள் விளையாட்டுச் சத்தம்தானே" என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எந்தச் சத்தம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சக்கரம் உருளும்போது வருவது ஒரு தாழ்ந்த இரைச்சல். வழவழப்பான தளத்தில் அது குறைவாகவே கேட்கும். பலகையின் வாலை ஓங்கித் தரையில் அறைந்து எழும்பும்போது வருகிற "டக்" என்ற ஓசைதான் தூரம் போகும். அதைவிட மோசமானது, உள்ளே வெற்றிடம் உள்ள தகட்டுச் சரிவுகளிலும் ஒட்டுப்பலகைச் சரிவுகளிலும் பலகை வந்து இறங்கும்போது எழும் ஓசை. தகர டப்பாவைத் தட்டுவது போல முழுச் சரிவும் அதிரும். விலை குறைவு, ஒரே நாளில் இறக்கி வைத்துவிடலாம் என்று பல நகரங்கள் இந்த ஆயத்தச் சரிவுகளை வாங்கிப் போட்டு, அக்கம்பக்கத்தாரிடம் ஆயுளுக்கும் வசவு வாங்கிக்கொள்கின்றன. நம் வரைவுத் திட்டத்தின் பின்னிணைப்பில் இருப்பதும் அதுதான். அதை யாராவது படித்தீர்களா என்று உண்மையாகவே கேட்கிறேன்.

கெட்டியான கான்கிரீட்டில் அந்த அதிர்வு இல்லை. அதிலும், தரைமட்டத்துக்குக் கீழே தோண்டி அமைக்கும் பவுல் என்கிற குழிந்த பகுதியில் சுற்றுச்சுவரே ஓசையின் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். தோண்டிய மண்ணைக் குடியிருப்புப் பக்கம் மேடாக்கி அதில் செடிகளை வளர்க்கலாம். "டக்" சத்தம் அதிகம் வரும் படிகளையும் திண்டுகளையும் நூலகத்தின் ஜன்னலில்லாத சுவர்ப் பக்கம் தள்ளி, ஓசை குறைந்த வளைவுகளை எங்கள் தெருப் பக்கம் வைக்கலாம். இரவில் விளக்குகள் குறித்த நேரத்தில் தானே அணையும்படி செய்தால், சொல்லி விரட்ட ஆள் வேண்டாம். இருட்டில் யாரும் குழிக்குள் இறங்க மாட்டார்கள். இத்தனைக்கும் மேல் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. கட்டுவதற்கு முன்பு ஒலிப் பொறியாளர் ஒருவரை அழைத்து எங்கள் ஜன்னல்களுக்கு வெளியே இப்போதுள்ள இரைச்சலை அளக்கச் சொல்லுங்கள். திறந்த பிறகு அதே ஜன்னல்களில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பேருந்து திரும்புகிற சாலையை ஒட்டியே நாங்கள் இத்தனை வருடம் தூங்கியிருக்கிறோம். எண்கள் வெளியே வந்தால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால், எங்கள் பக்கம் என்ன செய்து தருவீர்கள் என்று கேட்க எங்கள் கையிலும் ஒரு ஆதாரம் இருக்கும்.

அடுத்தது காயம். "நாளைக்கு ஒரு பிள்ளைக்கு மண்டை உடைந்தால் யார் பொறுப்பு?" என்று மன்றத்திலேயே கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வி உங்கள் பொறுப்புணர்வைக் காட்டுகிறது. ஆனால் இப்போது உடைகிற மண்டைக்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஸ்கேட்போர்டு காயங்களைப் பற்றிச் சொல்லிவருவதில் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியம். காயமடைகிறவர்களில் மூன்றில் ஒருவர், ஓட்டத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாதவர். கீழே விழுந்து ஏற்படும் காயங்களில் பாதிக்கு மேல், தளம் சீராக இல்லாததால் வருபவை.

இரண்டாவது செய்தியைப் புரிந்துகொள்ள, நூலக வாசலில் அந்தப் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும். ஒரு தாவலை முயல்வதற்கு முன் அந்தப் பையன் குனிந்து, ஓடுகிற பாதை முழுக்கக் கையால் தடவிப் பார்க்கிறான். பொடிக்கல் ஒன்றை எடுத்து ஓரமாக எறிகிறான். பலகையைக் கவிழ்த்துச் சக்கரங்களைச் சுண்டிச் சுழற்றிப் பார்க்கிறான். சக்கரம் சிறியது, பட்டாணி அளவுக் கல் அடியில் சிக்கினால் பலகை அந்த இடத்திலேயே நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னே பறப்பான். 1970களின் தொடக்கத்தில் யூரித்தேன் சக்கரம் வரும்வரை களிமண் கலவைச் சக்கரங்களில் ஓட்டினார்கள்; அன்று நிலைமை இன்னும் மோசம். சக்கரம் மேம்பட்டுவிட்டது. நம் நடைபாதைகள் மேம்படவில்லை. ஒடிந்த ஓடு, தூக்கிக்கொண்டு நிற்கும் சாக்கடை மூடி, பின்னோக்கி வருகிற வண்டி. அந்தப் பையன் இவை அத்தனைக்கும் நடுவில்தான் பழகிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு, விரிசலில்லாத ஒரு தளம்.

தொடக்கக்காரர்களுக்கு, ஆழம் குறைந்த தனிப்பகுதி வேண்டும். தேர்ந்தவர்கள் வேகமாக வந்து இறங்கும் பாதை அதைக் குறுக்கே வெட்டக்கூடாது. இந்த மாதிரி விஷயங்களுக்கு ஐரோப்பிய நாடுகள் இஎன் 14974 என்ற தரநிலையையே வைத்திருக்கின்றன. சட்டப் பொறுப்பைப் பற்றிய பயத்துக்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் எழுந்த தனியார் ஸ்கேட் பூங்காக்கள், காப்பீட்டுச் செலவு தாங்காமல் அடுத்த சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. பலவற்றை இடித்து மண்ணைப் போட்டு மூடினார்கள். 1997இல் கலிபோர்னியா சட்டமன்றம் ஸ்கேட்போர்டை ஆபத்துள்ள பொழுதுபோக்குகளின் பட்டியலில் சேர்த்தது. தன் விருப்பத்தில் ஓட்டி விழுகிறவர், நகராட்சியின் மீது வழக்குப் போடுவதை அது கட்டுப்படுத்தியது. தலைக்கவசமும் முழங்கை, முழங்கால் உறைகளும் கட்டாயம் என்ற அறிவிப்பையும் நிபந்தனையாக்கியது. அதற்குப் பிறகுதான் அந்த மாநிலத்து நகரங்கள் துணிந்து பொதுப் பூங்காக்களைக் கட்ட ஆரம்பித்தன. நம் சட்ட ஆலோசகர் "ஆபத்து" என்று ஒற்றை வரியில் எழுதிக்கொடுத்ததை வைத்து முடிவெடுக்காமல், என்ன செய்தால் பொறுப்பு குறையும் என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "வேண்டாத ஆட்கள் கூடுவார்கள், போதைப்பொருள் வரும், பெண்கள் அந்தப் பக்கம் நடக்க முடியாது" என்று கூட்டத்தில் பேசியவர்கள் என் அக்கம்பக்கத்தார். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தாக நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் இடத்தை யோசித்துப் பாருங்கள். கிடங்குகள் மாலையில் பூட்டப்பட்டுவிடும். அதன் பிறகு அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது. தெருவிளக்கு கிடையாது, கழிப்பறை கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது, பேருந்து கிடையாது. பார்க்க யாரும் இல்லாத இடத்தில்தான் தப்பு நடக்கும். அது ஸ்கேட் பூங்காவின் குணம் அல்ல, ஆளரவமற்ற எந்த இடத்துக்கும் உள்ள குணம். அங்கே கட்டி, இரண்டு வருடத்தில் சுவரெல்லாம் கிறுக்கலும் தரையெல்லாம் கண்ணாடிச் சில்லுமாகக் கிடக்கும்போது, "பார்த்தீர்களா, நாங்கள் அன்றைக்கே சொன்னோம்" என்பீர்கள். பழி பிள்ளைகள் தலையில் விழும்.

நூலகத் திடலில் எப்படி இருக்கும்? காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள், மதியம் வாசகர்கள், மாலையில் பேருந்துக்கு நிற்கிறவர்கள், சுற்றி முப்பது நாற்பது ஜன்னல்கள். என் ஜன்னலும் அதில் ஒன்று. இத்தனை பேர் கண்ணில் படும் இடத்தில் ரகசிய வியாபாரம் செய்ய எவனும் வர மாட்டான்.

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில், குயின் எலிசபெத் ஹால் என்ற இசையரங்கின் அடித்தளத்தில், 1970களிலிருந்தே இளைஞர்கள் ஸ்கேட்போர்டு ஓட்டிவருகிறார்கள். சுற்றுலாப் பயணிகளும் அலுவலகம் விட்டுப் போகிறவர்களும் நின்று வேடிக்கை பார்க்கும் இடம் அது. 2013இல் அந்த இடத்தைக் கடைகளுக்கு விட்டுவிட்டு, ஓட்டுகிறவர்களுக்கு ஆற்றங்கரையிலேயே வேறொரு இடம் தருவதாக ஒரு திட்டம் வந்தது. அவர்கள் மறுத்துப் போராடினார்கள். ஒருபோதும் பலகையில் ஏறாத ஆயிரக்கணக்கான லண்டன்வாசிகள் அவர்களுக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். 2014 செப்டம்பரில், அந்த இடம் அவர்களுக்கே என்று ஒப்பந்தமானது. மூடிக்கிடந்த ஒரு பகுதியையும் சீரமைத்து 2019இல் திறந்துவிட்டார்கள். தினமும் அந்த வழியாகப் போய்வருகிறவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் அறிமுகமாகியிருந்தார்கள். ஊருக்கு வெளியே கட்டியிருந்தால் அந்த அறிமுகம் எப்படி ஏற்பட்டிருக்கும்?

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் பர்ன்சைடு பாலத்துக்கு அடியில் நடந்தது இதைவிடத் துணிச்சலானது. குப்பையும் ஊசிகளுமாகக் கிடந்த இடத்தில், 1990இல் அங்கிருந்த இளைஞர்கள் தாங்களே சிமெண்ட் குழைத்து, பாலத்தின் சுவரோரம் சரிவு கட்டத் தொடங்கினார்கள். அனுமதி எதுவும் இல்லை. மெதுமெதுவாக அது வளர்ந்தது. பக்கத்துக் கடைக்காரர்களே அவர்களுக்கு ஆதரவாக நின்றதால் நகர மன்றம் பிற்பாடு அதை ஏற்றுக்கொண்டது. நம் பிள்ளைகள் அனுமதியில்லாமல் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. யாரும் எட்டிப் பார்க்காத மூலையை ஆள் நடமாடும் இடமாக மாற்றியது அந்தப் பூங்கா. நாமோ ஆள் நடமாடும் இடத்திலிருந்து பூங்காவை எடுத்து, யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் வைக்கப் பார்க்கிறோம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். நூலக வாசலில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு சிறுமி இருக்கிறாள். பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு தூணருகே நிற்பாள். பையன்கள் கலைந்து போன பிறகு, வாசலைப் பூட்டுவதற்குள் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில்தான் ஓட்டுவாள். ஒரு காலால் உந்தி, இரண்டாவது காலைத் தூக்கி வைக்கும் அந்த நொடியில் அவள் தோள் இறுகுவதும், நிலைகொண்டதும் தளர்வதும் எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரியும். அவளைக் கிடங்குகளுக்குப் பின்னால் அனுப்ப அவள் வீட்டில் சம்மதிப்பார்களா? எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? இடத்தை மாற்றுவது என்றால், பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான்.

பெண்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு: ஸ்கேட்போர்டு முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில். படிகளிலும் கைப்பிடிகளிலும் ஓட்டும் தெருப் பிரிவில், பெண்களுக்கான தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13. வெள்ளி வென்ற பிரேசிலின் ராய்ஸா லியலுக்கும் 13. குழிந்த தளத்தில் ஓட்டும் பூங்காப் பிரிவில் வெள்ளி வென்ற ஜப்பானின் கொகோனா ஹிராகிக்கு 12. மூன்றாண்டு கழித்துப் பாரிஸில் பெண்களின் இரண்டு பிரிவுகளிலும் தங்கம் வென்றவர்கள் 14 வயதுச் சிறுமிகள். நம் பிள்ளைகள் பதக்கம் வாங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விளையாடிவிட்டு நல்லபடியாக வீடு திரும்பினால் எனக்குப் போதும். எட்டு வயதில் தொடங்கினால்தான் பன்னிரண்டில் கை கூடும். எட்டு வயதுக் குழந்தை தானே நடந்து போகிற தூரத்தில் அந்த இடம் இருக்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தில் ஜன்வார் என்ற சிற்றூரில், ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிகே ரைன்ஹார்ட் முன்னின்று கட்டிய ஸ்கேட் பூங்காவில் இரண்டு விதிகளை வைத்தார்கள். பள்ளிக்குப் போகாவிட்டால் ஸ்கேட்போர்டு இல்லை. பெண் பிள்ளைகளுக்கே முதலில் வழிவிட வேண்டும். அவ்வளவுதான். குறித்த நேரங்களில் சிறுமிகளுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும் முன்னுரிமை என்று நாமும் ஒரு பலகை வைக்கலாம். அதற்குத் தனியாக நிதி வேண்டியதில்லை.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் விவாதம் தேவைக்கு மேல் நீண்டுவிட்டது. "ஒரு சிலருக்காக இவ்வளவு பணமா" என்கிறார்கள். அணி சேர்க்க வேண்டாம், எதிரணி வேண்டாம், முன்பதிவு வேண்டாம், கட்டணம் வேண்டாம், பயிற்சியாளர் இல்லாமலும் கற்றுக்கொள்ளலாம். ஆறு வயதுக் குழந்தையும் நாற்பது வயது ஆளும் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். ரோலர் ஸ்கேட், ஸ்கூட்டர், சிறு சைக்கிள் எல்லாமே அதே தளத்தில் ஓடும். இத்தனையும் பொருந்துகிற விளையாட்டிடம் நம்மிடம் வேறு எது இருக்கிறது? மோகம் அடங்கிவிடும் என்று சொல்பவர்கள் பாதி சரி. 1970களின் அலை ஓய்ந்தது உண்மைதான். ஆனால் அது திரும்பத் திரும்ப எழுந்து வந்திருக்கிறது. புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் 1977இல் திறந்த கோனா பூங்கா இன்றும் ஓடுகிறது. லண்டனின் கிழக்கே 1978இல் கட்டிய ரோம் பூங்காவை 2014இல் பாதுகாக்கப்பட்ட கட்டட மரபாகவே இங்கிலாந்து பட்டியலிட்டது.

ஆனால் அப்படி நிலைக்க வேண்டுமென்றால், கட்டுகிறவர் யார் என்பதில் கஞ்சத்தனம் கூடாது. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஸ்கேட் பூங்காவின் வளைவு, வார்ப்பு அடித்துக் கொட்டுகிற கான்கிரீட் அல்ல. கம்பி வலையின் மீது அழுத்தத்தோடு பீய்ச்சி அடித்து, வெட்டி வைத்த வளைவு அச்சை வைத்து வைத்துப் பார்த்து, இறுகுவதற்குள் கரணையால் கையாலேயே மெழுகி எடுக்க வேண்டும். ஓரத்தில் பதிக்கும் இரும்புக் குழாய் விளிம்பைவிட எவ்வளவு துருத்திக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்கூடக் கணக்கு உண்டு. அது கூடினாலும் குறைந்தாலும் பலகை இடறும். குழியின் அடியில் வடிகால் சரியில்லை என்றால் முதல் மழையிலேயே அது கொசுக்குளம். சாலை போடுகிற ஒப்பந்தக்காரரிடம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், குறைந்த விலைப்புள்ளி என்பதற்காக இதைக் கொடுத்தால் அரைக்கிணறு தாண்டின கதைதான். ஏற்கெனவே ஸ்கேட் பூங்கா கட்டிய அனுபவம் உள்ளவருக்கே வேலை என்று ஒப்பந்தப்புள்ளி நிபந்தனையிலேயே எழுதுங்கள். இடம் சிறியதானாலும் பரவாயில்லை, தரமாக இருக்கட்டும். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனித் தலைப்பில் ஒதுக்குங்கள். விரிசலை அது நூலளவு இருக்கும்போதே அடைத்துவிட வேண்டும்.

நடைப்பயிற்சி செய்யும் பெரியவர்களின் பாதை குறுகக்கூடாது, அந்த வேப்பமரங்களை வெட்டக்கூடாது என்ற கோரிக்கைகள் முழுக்க நியாயமானவை. நானும் அந்த நிழலில் உட்காருகிறவள்தான். திட்ட வரைபடத்தில் மரங்கள் எங்கே என்று குறிக்கப்படவே இல்லை, முதலில் குறியுங்கள். மரத்தடியில் பெஞ்சு போடுங்கள். பேரப்பிள்ளையை அழைத்து வருகிறவர்களும் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, எனக்குக் கோபமே வந்த விஷயம். பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தை வேலைநாள் முற்பகலில் வைத்தீர்கள். பூங்கா யாருக்காகவோ அவர்கள் அத்தனை பேரும் அந்த நேரம் வகுப்பில் இருந்தார்கள். அறை நிறையப் பெரியவர்கள், அவர்களைப் பற்றி, அவர்கள் இல்லாமல், மூன்று மணி நேரம் பேசினோம். ஸ்வீடனின் மால்மோ நகரம் ஸ்கேட்போர்டு விவகாரங்களை ஒருங்கிணைக்க நகராட்சியில் ஓர் அலுவலரையே அமர்த்தியது. பழைய கப்பல் கட்டும் தளம் இருந்த பகுதியில் அவர்கள் உருவாக்கிய பெரிய பூங்காவின் வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் ஓட்டுகிறவர்களே பங்கெடுத்தார்கள். ஸ்கேட்போர்டைப் பாடமாகவே வைத்த ஒரு மேல்நிலைப் பள்ளியும் அங்கே 2006இலிருந்து நடக்கிறது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். வடிவமைப்புக் குழுவில் ஓட்டுகிற பிள்ளைகளுக்கு இடம் கொடுங்கள், அதில் பாதி சிறுமிகளாக இருக்கட்டும். எந்த வளைவு எங்கே வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிகிற அளவு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

பலகையோடு திரியும் பிள்ளைகள் இதைப் படித்தால் உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மருத்துவமனைச் சரிவுப்பாதையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். அங்கே ஒரு முறை ஓட்டினால், மன்றத்தில் உங்கள் பூங்காவுக்குப் பத்து ஓட்டு குறையும். கூட்டம் அறிவித்தால் வந்து பேசுங்கள். பேசத் தயக்கமாக இருந்தால், எழுதிக் கொண்டுவந்து படியுங்கள்.

மன்ற உறுப்பினர்களே, அடுத்த அமர்வில் இடமாற்றத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும்போது அதைத் தோற்கடியுங்கள். நூலகத் திடலுக்கான பழைய திட்டத்தையே, ஆயத்தச் சரிவுகளை நீக்கி, கான்கிரீட் பூங்காவாகத் திருத்தி மறுபடி எடுங்கள். அதன் மீதான கருத்துக்கேட்பை விடுமுறை நாள் மாலையில், நூலகக் கூடத்திலேயே வையுங்கள். ஒலி அளவீடு தொடங்கும்போது முதல் கருவியை என் வீட்டு ஜன்னலில் வைத்துக்கொள்ள எழுத்துமூலம் சம்மதம் தருகிறேன். முகவரி இந்த மடலோடு மன்ற அலுவலகத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
திடலுக்கு எதிர்த்தெருவில் குடியிருக்கும் ஒருத்தி